ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: தமிழ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கு வரும் தமிழ்நாட்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபரில் கேட்கும் கேள்விகள் இவை. ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் பட்டத்தையும் மதிப்பெண்ணையும் ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் சான்று), விசா, சேர்க்கைக் கடிதம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு, விமானம் தரையிறங்கிய பிறகு வரும் சங்கதிகளை மட்டும் எழுதியிருக்கிறேன்.

வந்து இறங்கியதும் முதல் வேலை எது?

முகவரியைப் பதிவு செய்வது. இங்கே எல்லோரும் அதை அன்மெல்டுங் என்கிறார்கள். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரின் பதிவு அலுவலகத்தில் உங்கள் முகவரி ஏற வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச் சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது. அந்தச் சான்று தனித் தாள், ஒரு பக்கம்தான். அதைத் தரமாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் அறை எடுக்காதீர்கள். வரி எண், வசிப்பு அனுமதி, பல இடங்களில் வங்கிக் கணக்குக்கூட இந்தப் பதிவின் பின்னால்தான் வரிசை கட்டி நிற்கின்றன.

பெர்லின் போன்ற பெருநகரங்களில் டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைப்பதே பாடு. காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் இணையத்தைப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடங்கள் அப்போது தலைகாட்டும். இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்காவிட்டால், கிடைத்த தேதியைப் பதிவு செய்து அந்த உறுதிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை அன்றே ஒட்டிவிடுங்கள். இங்கே பெரும்பாலான குடியிருப்புகளில் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியிலும் பெட்டியிலும் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் வரும் நாடு இது. ஒரு துண்டுத் தாளும் ஒட்டுநாடாவும் போதும்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சிக்கல் வருமா?

சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால், இனி எல்லாக் கடிதங்களும் 'ஹெர் (திரு.) சுப்பிரமணியன்' என்றுதான் வரும்; பேராசிரியரும் அப்படித்தான் அழைப்பார். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் பழகிக்கொள்ளுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் ஒவ்வோர் அலுவலகமும் தன் மனம்போல ஒன்றை எழுதும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றனவே, அதில் உள்ள வடிவத்தையே பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு மூன்றுக்கும் கொடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் விரித்த பெயர் என்று போனால் பின்னால் பணம் அனுப்பும்போதும் சான்றிதழ் வாங்கும்போதும் அலைய நேரும்.

பிளாக்டு அக்கவுண்டில் போட்ட பணம் ஓர் ஆண்டுக்குப் போதுமா?

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட, மாதந்தோறும் ஒரு பகுதி மட்டும் எடுக்கும்படி பூட்டிவைக்கும் கணக்குதான் பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோவாகப் பிரித்துத் தருவார்கள். மாக்டபுர்க், கெம்னிட்ஸ், இல்மெனாவ் போன்ற ஊர்களில் விடுதி அறை கிடைத்தவருக்கு இதில் மாதத்தை ஓட்டிவிடலாம். மூனிக்கில் தனி அறை வாடகையே இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஆனால் முதல் மாதத்தில்தான் கழுத்து நெரியும். பணம் வெளியே வர உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்கச் சில வாரம் ஆகலாம். அதற்குள் முதல் வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம் மூன்றும் வந்து நிற்கும். முன்பணமாகச் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஆகவே பூட்டிய கணக்குக்கு வெளியே குறைந்தது 1,500 யூரோவாவது கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். கடன் வாங்கித்தான் வருகிறீர்கள் என்றால், கடன் தொகையிலேயே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாதச் செலவில் பலரும் கணக்கில் எடுக்காதவை இரண்டு. ஒன்று, அரசு மருத்துவக் காப்பீடு: மாணவர் கட்டணம் மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது; அவர்கள் கிளம்பும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். இரண்டாவது, ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. முகவரி பதிந்த சில வாரத்தில் அதற்கான கடிதம் வரும். "எங்கள் அறையில் டிவியே இல்லை, இது மோசடிக் கடிதம்" என்று கிழித்துப் போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு உண்டு. மோசடி இல்லை. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒருவர் கட்ட வேண்டும். வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுத்துக்கொள்ளலாம்.

அறை இன்னும் கிடைக்கவில்லை. இணையத்தில் ஒருவர் முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார்…

அனுப்பாதீர்கள். அழகான படங்கள், ஊர் நடுவே வீடு, பாதி வாடகை, உரிமையாளர் மட்டும் வெளிநாட்டில். எல்லா ஊரிலும் இதே கதைதான். மாணவர் சேவை அமைப்பின் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். காத்திருப்புப் பட்டியல் மாதக் கணக்கில் நீளும். அதுவரை யாராவது ஊருக்குப் போயிருக்கும் மாணவரின் அறையை இரண்டு மூன்று மாதத்துக்கு எடுக்கலாம். அங்கே முகவரி பதிய முடியுமா என்பதை முதலில் கேளுங்கள், வாடகையை அப்புறம் கேளுங்கள். விளம்பரத்தில் 'கல்ட்' என்றிருந்தால் அது வெறும் வாடகை. சூடேற்றலும் தண்ணீரும் சேர்ந்தது 'வார்ம்'. மின்சாரமும் இணையமும் பல வீடுகளில் இரண்டிலும் சேராது.

வகுப்பில் வருகைப் பதிவே எடுப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

விரிவுரைகளுக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆய்வகத்துக்கும் செமினாருக்கும் எடுப்பார்கள். இந்தச் சுதந்திரத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் கால் இடறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம் பொறியியல் கல்லூரிகளில் 75 சதவீத வருகை, இன்டர்னல் மதிப்பெண், மாதிரித் தேர்வு, கடைசி வாரத்தில் வரும் முக்கியக் கேள்விகள் என்று யாராவது ஒருவர் எப்போதும் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருப்பார். இங்கே அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும். பிப்ரவரி தொடக்கம் வரை யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பிறகு ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, பெரும்பாலும் 90 அல்லது 120 நிமிடம். பல பாடங்களில் மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். கேள்வியும் பாடத்தில் உள்ளதை அப்படியே எழுதச் சொல்லாது. பார்த்திராத ஒரு கணக்கைக் கொடுத்து, படித்த முறையை அதில் பொருத்தச் சொல்லும். வாரந்தோறும் தரும் பயிற்சித் தாள்களைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் அது கைவரும்.

பாடத்தில் சேர்ந்தால் தேர்வுக்கும் சேர்ந்தாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தேர்வுக்குத் தனியாக, குறிப்பிட்ட சில வாரங்களுக்குள், நீங்களே இணையத்தில் பதிய வேண்டும். தேதி போனால் போனதுதான். துறைத் தலைவரைப் பார்த்துக் கெஞ்சுவது, கடிதம் எழுதிக் கொடுப்பது, அபராதம் கட்டுவது எதுவும் செல்லாது. அதுபோலவே, தயாராகவில்லை என்று தெரிந்தால் குறித்த தேதிக்குள் பெயரை விலக்கிக்கொள்ளலாம். விலக்காமலும் போகாமலும் இருந்தால் தோல்வி என்றே எழுதப்படும். தேர்வு நாளில் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே பெயர் நீக்கப்படலாம். வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடரவும் தடை வரலாம். உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறை இணையத்தில் இருக்கும். அலுப்பூட்டும் ஆவணம்தான், ஆனாலும் முதல் மாதமே ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

1.3 வாங்கினால் நல்ல மதிப்பெண்ணா?

மிக நல்ல மதிப்பெண். இங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. வீட்டுக்குப் போனில் சொல்லும்போது இந்த விளக்கத்தோடு சொல்லுங்கள், இல்லையென்றால் அம்மா பயந்துவிடுவார். ஊரில் 85 சதவீதத்துக்குக் குறையாதவர் முதல் செமஸ்டரில் 2.7, 3.0 என்று வாங்குவது சர்வசாதாரணம். உடைந்துபோக அதில் ஒன்றுமில்லை. முடிவு வந்த பிறகு, திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் குறிப்பார்கள். கட்டாயம் போங்கள். எங்கே புள்ளி போனது என்று தெரியும்; கூட்டலில் விட்டுப்போன புள்ளி அங்கேயே திரும்பக் கிடைப்பதும் உண்டு.

பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும்?

உங்கள் துறையின் மாணவர் மன்றத்தில். ஃபாக்‌ஷாஃப்ட் என்று கதவில் எழுதிய ஓர் அறை; உள்ளே பழைய சோபா, காபி இயந்திரம், இரண்டு மூன்று மாணவர்கள். பல துறைகளில் பழைய வினாத்தாள்களை அவர்கள்தான் சேர்த்து வைக்கிறார்கள். எந்தப் பாடத்தை எந்தப் பேராசிரியரிடம் எடுக்கலாம் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். இந்த அறை இருப்பதே தெரியாமல் இரண்டு ஆண்டு படித்து முடித்துவிட்டுப் போன நம்மவர்கள் இருக்கிறார்கள். யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போவதில்லை. ஆனால் கதவைத் தட்டினால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். பன்னாட்டு மாணவர் அலுவலகம், நூலகம், தேர்வு அலுவலகம் எல்லா இடத்திலும் நான் கண்டது இதுதான்: கேட்காதவருக்கு ஒன்றுமில்லை, கேட்டவருக்குப் பொறுமையாகப் பதில் உண்டு.

பேராசிரியருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது?

சுருக்கமாக. பெயருக்கு முன் பட்டத்தைப் போட்டு விளியுங்கள், வெறும் 'சார்' வேண்டாம். எந்தப் பாடம், உங்கள் மாணவர் எண் என்ன, கேள்வி என்ன, அவ்வளவுதான். ஊரில் நாம் பழகிய 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' நடை அவருக்குப் புரியாது. இவர் என்ன கேட்கிறார் என்று தேட வேண்டியிருக்கும். வகுப்பு நேரம் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்றிருந்தால் தொடங்குவது 10.15க்கு; 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல், நீங்களும் தட்டலாம். இடையில் கை தூக்கிக் கேள்வி கேட்பதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. அவர் சொன்னது தவறு என்று எடுத்துக்காட்டினால்கூட நன்றி சொல்வார்.

படிப்பு ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?

வகுப்புக்கு வேண்டாம். வீட்டுக்காரர், மருத்துவமனை வரவேற்பாளர், பதிவு அலுவலகம், பகுதிநேர வேலை, படித்து முடித்த பின் முழுநேர வேலை இத்தனைக்கும் வேண்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலை ஜெர்மன் வகுப்புகளை முடித்துவிட்டு வருகிறவருக்கும் ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்கும் வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வந்த பிறகு பல்கலைக்கழக மொழி மையத்தில் மலிவாகவோ இலவசமாகவோ வகுப்பு உண்டு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். "இரண்டாவது செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால், அப்போது புராஜெக்ட் வந்து நிற்கும்.

சாப்பாட்டுக்கு என்ன வழி? ஊரிலிருந்து எதையெல்லாம் கொண்டுவரலாம்?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 1983க்குப் பிறகு போர்ச்சூழலில் இங்கு வந்து வேரூன்றிய ஈழத்தமிழர்களின் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. இட்லி அரிசி, உளுந்து, உறைநிலைத் தேங்காய்ப்பூ, முருங்கைக்காய், யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பழகுங்கள். கறிவேப்பிலை எந்தக் கிழமை வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர்கள் எழுப்பியதுதான் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு கண்டது. தேர்த் திருவிழாவுக்கு நாடெங்கிலும் இருந்து கூட்டம் திரளும். ஊர் நினைப்பு வாட்டினால் ஒருமுறை போய் வாருங்கள்.

பெட்டியில் வைப்பதில் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. அதாவது நெய்யும் பால்கோவாவும் கிடையாது. பச்சைக் காய்கனி, இலை வகைக்குத் தாவரநலச் சான்று வேண்டும்; விலக்கு அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும். ஆகத் தேங்காய் வரலாம், கறிவேப்பிலை வரக்கூடாது. பொடி வகைகள், மசாலா, புளி, அப்பளம் பிரச்சினையில்லை. மின்னழுத்தம் நம்மூர் போலவே 230 வோல்ட் என்பதால் மிக்ஸி ஓடும், ஆனால் நம் மூன்று முனைப் பிளக் இங்குள்ள துளையில் நுழையாது. அடுப்பு இண்டக்‌ஷனா என்று விசாரிக்காமல் அலுமினியக் குக்கரைச் சுமந்து வராதீர்கள்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ந்த மிளகாய் கருகும் புகைக்கு விடுதியின் புகை உணரி அலறும். சில விடுதிகளில் அது தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். ஒரு ரசத்துக்காக நாலு மாடிக்காரர்களும் குளிரில் தெருவில் நிற்பதும், பிறகு வண்டி வந்ததற்கான பில் வருவதும் யாருக்கும் நல்லதில்லை.

மதிய உணவுக்கு மென்சா, பல்கலைக்கழக உணவகம். மாணவர் விலை பெரும்பாலும் 3 முதல் 5 யூரோவுக்குள். சைவ உணவுக்கும் பால்கூடச் சேராத உணவுக்கும் தனிக் குறி போட்டிருப்பார்கள். உப்பும் காரமும் குறைவுதான், சிறிய ஊறுகாய்ப் புட்டி பையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யக் கூடாது?

கடைக்குப் போகலாம் என்று நினைக்கக் கூடாது, பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிர மூடியிருக்கும். மிக்ஸி ஓட்டுவது, சுவரில் ஆணி அடிப்பது, கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் வீசுவது எல்லாம் வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரையும் அப்படியே. காலிக் குடிநீர்ப் புட்டிகளைக் குப்பையில் போடாதீர்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பும்.

நவம்பர் வந்ததும் எதிலும் மனம் ஒட்டவில்லை. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டுமில்லை. அக்டோபரில் எல்லாம் புதிது. ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்துக்காக நாடெங்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் இந்தச் சோர்வு தொடங்கும். ஹாம்பர்கில் டிசம்பர் இறுதியில் பகல் ஏழரை மணி நேரம்தான். சென்னையில் அதே நாளில் பதினொன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். மாலை 4 மணிக்கு நூலகத்தை விட்டு வந்தால் தெருவிளக்கு எரிகிறது, அறையில் பேச ஆளில்லை, ஊரில் மணி எட்டரை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பகலில், மேகம் மூடியிருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடங்கள். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் கெடுகிறது, வகுப்புக்கே போக முடியவில்லை, அழுகை வருகிறது என்றால் மாணவர் சேவை அமைப்பின் மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். கட்டணம் இல்லை, பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே பேசியது பல்கலைக்கழகத்துக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. இரவில் உடல்நிலை மோசமானால் 116117, உயிர் ஆபத்தென்றால் 112.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று பலரும் தவிக்கிறார்கள். "லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள், இதையும் சொல்லி வருத்தப்படுத்தவா?" என்பார்கள். தினமும் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு நாள் திடீரென்று உடைவதைவிட, 'இந்த வாரம் கஷ்டமாக இருந்தது' என்று அவ்வப்போது சொல்லிவிடுவது பெற்றோருக்கும் தாங்கக்கூடியது என்பது என் எண்ணம்.

தமிழ் நண்பர்களோடு மட்டும் இருந்தால் தவறா?

தவறில்லை. உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துத் தர அவர்கள்தான் வருவார்கள். ஆனால் நால்வர் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பாடம் எடுத்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் படம் பார்த்து இரண்டு ஆண்டைக் கழித்தால் ஜெர்மன் வராது, வேலைக்குப் பரிந்துரைக்க ஆளும் இருக்காது. உள்ளூர் மாணவர்கள் பேருந்தில் பேச்சுக் கொடுத்தால் நெருங்க மாட்டார்கள். சேர்ந்து ஒரு காரியம் செய்தால் நெருங்குவார்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் இறகுப்பந்து, மலையேற்றம், நடனம் என்று மிக மலிவான கட்டணத்தில் ஏராளம் உண்டு. வாரம் ஒரு மாலை, ஒரே குழுவில், விடாமல் போய் வாருங்கள். மூன்றாவது மாதத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்கு அழைப்பார். அழைத்த நேரத்துக்கு முன்பும் போகாதீர்கள், பின்பும் போகாதீர்கள்.

முதல் செமஸ்டரிலேயே பகுதிநேர வேலைக்குப் போகலாமா?

சட்டம் அனுமதிக்கிறது: 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டில் சிக்கல் வரும். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் கண் விரியும். கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி, தேர்வில் தவறி, ஒரு செமஸ்டர் கூடுதலாகத் தங்கினால் அதற்கான செலவு அந்தச் சம்பாத்தியத்தை மிஞ்சிவிடும். கூடியவரை முதல் தேர்வு முடியட்டும். பிறகு பேராசிரியரிடம் ஹிவி வேலை, அதாவது மாணவ உதவியாளர் பணி, கேளுங்கள். அது அந்த 140 நாள் கணக்கில் சேராது. உங்கள் துறையிலேயே இருப்பதால் பின்னாளில் ஆய்வேட்டுக்கும் வழிவிடும்.

நான்கு செமஸ்டரில் முடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். ஐந்து, ஆறு செமஸ்டர் எடுப்பவர்கள் உள்ளூர் மாணவர்களிலேயே ஏராளம். படிப்பு நகர்கிறது என்பதற்கான மதிப்பெண் பட்டியலும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் காட்டினால் வசிப்பு அனுமதியை நீட்டிப்பார்கள். காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் முக்கியம். முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம்.

முதல் முறை ஊருக்கு எப்போது போகலாம்?

பொங்கலுக்குப் போக ஆசை வரும். அது தேர்வுக்கு முந்தைய மாதம், வேண்டாம். மார்ச் நல்ல நேரம், ஏப்ரல் நடுவில்தான் அடுத்த வகுப்புகள். சில துறைகளில் மார்ச் இறுதியிலும் தேர்வுகள் வைப்பார்கள், அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா முடியும் தறுவாயில், வசிப்பு அனுமதி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால், தற்காலிகச் சான்றோடு திரும்பி வர முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.